கஞ்சிக்கு முன் சோப்பு வாசம்

பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களுக்கு மதுரைக்கு வெளியே முகாம் போட்டிருந்தார்கள். கையில் சோப்பு வாசம் இருந்தால்தான் கஞ்சி. சோப்புக் கொடுத்து ஒரு மாதமாகிறது. அதிகாரி மோந்து பார்ப்பது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். முதலில் நின்ற இளைஞன் தனக்குப் பின்னால் நின்றவரிடம் திரும்பினான்.

“அண்ணே, கையைக் குடுங்க. கொஞ்சம் வாசம் தேச்சுக்கிறேன்.”

“கடைசி சோப்புத் துண்டுல கழுவுன கை மாப்ள. பாத்துத் தேய்.”

“இன்னும் கொஞ்சண்ணே.”

“எம்புட்டுடா தேய்ப்ப? தோலு உரியுது!”

அதிகாரி இளைஞனின் கையை மோந்தார். “சுத்தம். போ.”

அண்ணனின் கையை மோந்து முகம் சுளித்தார். “வாசமே இல்லை. கழுவிட்டு வாய்யா.”

கஞ்சிச் சட்டியோடு இளைஞன் ஓடிவந்தான்.

“கையை நீட்டுங்கண்ணே, திருப்பித் தேச்சு விடுறேன்.”