மிதித்தால் குற்றம்

எழுத்தர்: சார், சார்... ஆத்துப் பக்கம் இப்பப் போகாதீங்க. ஒரே சேறு. பூட்ஸ் பாழாப் போயிடும்.

அதிகாரி: என் பூட்ஸ் மேல உங்களுக்கு என்னப்பா இவ்வளவு பாசம்?

தலைவி: உக்காருங்க சார். ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் வந்துட்டு நின்னபடியே போனா எங்களுக்குத்தான் அசிங்கம். எழுத்தரே, டீ சொல்லுங்க.

எழுத்தர்: சொல்லியாச்சு தலைவியம்மா. ரெண்டாவது டீயும் சேர்த்தே சொல்லியாச்சு.

அதிகாரி: ரெண்டாவதா? என்னை இங்கயே கட்டிப் போடுறதா உத்தேசமா?

தலைவி: சேச்சே... இன்னைக்கு ஊர்க்கூட்டம் சார். அக்கரைக்காரங்களும் வருவாங்க. கூட்டம் முடிஞ்சதும் எல்லாருமா சேர்ந்து போய்ப் பார்க்கலாமேன்னு...

அதிகாரி: பார்க்க என்ன இருக்கு? விழுந்த பாலத்துக் கல்லு, அது மேல தார்ப்பாய், சுத்திக் கயிறு. எங்க தொல்லியல் துறை வச்ச சீல் அப்படியே இருக்கான்னு பார்க்கணும். கால் மணி நேர வேலை.

எழுத்தர்: அப்படியேதான் இருக்கு சார்! கயிறு கூட அப்படியே... இப்பக் கட்டின மாதிரி...

தலைவி: எழுத்தரே, டீ என்னாச்சுன்னு எட்டிப் பாருங்க.

எழுத்தர்: கொதிக்குதும்மா.

தலைவி: நீங்க பார்த்தாச் சீக்கிரம் கொதிக்கும். போங்க.

அதிகாரி: இருக்கட்டும் விடுங்க. நல்லாப் பேசுறார்.

தலைவி: சார்... நேராவே கேக்குறேன். அனுமதி வந்துதா?

அதிகாரி: கோப்பு மேல போயிருக்கு.

தலைவி: அது போயிட்டேதான் இருக்கு. வெள்ளத்துல விழுந்தது நடுவளைவு மட்டும். நாங்களே எடுத்துக் கட்டியிருப்போம். நீங்க வந்து கல்லுக்கெல்லாம் பெயிண்ட்ல நம்பர் போட்டு, "பாரம்பரியச் சின்னம், மிதித்தால் குற்றம்"னு பலகை நட்டுட்டுப் போனீங்க. மூணு மழைக்காலம் போயாச்சு. கல்லுக்குப் பாசி பிடிச்சதுதான் மிச்சம்.

அதிகாரி: இஷ்டத்துக்குக் கட்ட முடியாதும்மா. பக்கத்து ஊர்ல பார்த்தேன்... பழைய மண்டபத்துக்கு சிமெண்ட்ட அப்பி, டைல்ஸ் ஒட்டி, பச்சைப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. பார்த்து வயிறு எரிஞ்சுது. அதுக்குத்தான் சட்டம்.

தலைவி: அந்த ஊர்க்காரன் டைல்ஸ் ஒட்டினா அவன் கையப் பிடிங்க. எங்க கைய ஏன் கட்டுறீங்க? இங்க யார் சிமெண்ட்டத் தொட்டாங்க? வீட்டுக்கு ஒரு கல்லு சார் எங்களுக்கு. எங்க வீட்டுக் கல்லு இந்தக் கரையிலேர்ந்து மூணாவது. மாமனார் போனதும் வீடும் அந்தக் கல்லும் ஒண்ணாத்தான் எங்க தலையில விழுந்துது. சாந்து உதிர்ந்தா நாங்கதான் சுண்ணாம்பு குழைக்கணும். ஊர விட்டுப் போனவன் கூட அதுக்கு மட்டும் லீவு போட்டு வருவான்.

அதிகாரி: கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க துறைக் கொள்கையில அப்படி ஒரு ஏற்பாடு இல்லையே.

தலைவி: கொள்கையில ஊரே இல்லையே சார்! வாங்கிப் படிச்சேன். "பொதுமக்களுக்கு விழிப்புணர்வு"ன்னு ஒரு வரி இருக்கு, அவ்வளவுதான். எங்களுக்கு விழிப்புணர்வு தரப் போறீங்களாம். தூங்கிட்டிருந்தது யாரு?

அதிகாரி: அனுமதி கேட்டு இதுவரைக்கும் மூணு தடவை மேல எழுதிட்டேன் நான். நம்புங்க.

தலைவி: நாங்களும் தீர்மானம் போட்டோம். ரெண்டு கரையும் கை தூக்கிச்சு. பாலத்தக் காப்பாத்துறது ஊராட்சி பொறுப்புன்னு. உங்களுக்கும் ஒண்ணு அனுப்பினோமே?

அதிகாரி: வந்துது. பாதுகாக்கப்பட்ட சின்னத்து மேல ஊர்த் தீர்மானம் செல்லாதும்மா.

தலைவி: தெருவிளக்குக்குச் செல்லும், சாக்கடைக்குச் செல்லும். எங்க முப்பாட்டன் கட்டின பாலத்துக்கு மட்டும் செல்லாது!

எழுத்தர்: டீ சார்... சூடா இருக்கு. ஆத்தி ஆத்திக் குடிங்க. மெதுவா.

அதிகாரி: நன்றிப்பா. ...சரி, ஒரு பேச்சுக்கு அனுமதியே வந்துதுன்னு வைங்க. என்ன பிரயோஜனம்? வளைவு உச்சியில வர்ற அந்த நடுக்கல்லு விரிசல் விட்டிருக்கு. என் கண்ணால பார்த்தேன். அத வச்சுக் கட்டினா ஒரு நாள் நிக்காது.

எழுத்தர்: யார் சார் சொன்னா? எங்க வீட்டுக் கல்லு அது! விரிசல் மேலாப்புலதான். உள்ள இரும்பு மாதிரி. சும்மா கம்முனு உக்காந்து நிக்குது...

தலைவி: எழுத்தரே!

எழுத்தர்: ...நிக்கும்னு சொல்ல வந்தேன்.

அதிகாரி: நிக்குதுன்னு காதுல விழுந்துது.

எழுத்தர்: சளி சார். குரல் அப்படி...

அதிகாரி: இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம் நீங்க.

எழுத்தர்: பொறுக்குறதா? எங்க அண்ணன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அக்கரையில விழுந்தான் சார். ஆஸ்பத்திரி இங்க, தோ, கூப்பிடு தூரம். படகுக்காரனத் தேடி எழுப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள... நடு ஆத்துல போயிட்டான். நான்தான் மடியில போட்டிருந்தேன். கரையில உங்க கல்லு தார்ப்பாய் போத்திக்கிட்டு பத்திரமாப் படுத்திருந்துது. அதுக்கு நம்பர் இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு? ...மன்னிச்சுக்கங்கம்மா. வாயத் திறந்துட்டேன்.

தலைவி: நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? இனிமே மூடி மறைக்க என்ன இருக்கு? ஆமா சார். கட்டிட்டோம். தார்ப்பாய்க்குக் கீழ இருக்கறது வைக்கோல். நேத்தோட வேலை முடிஞ்சுது. சாரத்தையும் பிரிச்சாச்சு.

அதிகாரி: சுண்ணாம்புச் சாந்துதானா?

தலைவி: சுண்ணாம்பேதான். எந்தக் கல்லு எங்க இருந்துதோ அங்கயே. கூட்டத்துக்கு அக்கரைக்காரங்க அது மேல நடந்து வரணும், அப்புறம் நீங்க பார்க்கணும். அதுதான் திட்டம். அதுக்குத்தான் இந்த டீயெல்லாம்.

அதிகாரி: மேலிடத்துக்குத் தெரிஞ்சா பிரிக்கச் சொல்லி உத்தரவு போடுவாங்க. உங்க பதவியும் போகும். தெரியுமில்ல?

தலைவி: பதவிதானே? எடுத்துக்கச் சொல்லுங்க. நாற்காலி கூட ஆடுது, ஜாக்கிரதையா உக்காரச் சொல்லுங்க. ஆனா பாலத்தப் பிரிக்க எவன் வந்தாலும் முதல்ல என்னைப் பிரிக்கணும். அது மேல ஊரே பாய் போட்டுப் படுத்திருக்கும். எழுதிக்கங்க என் பேர.

எழுத்தர்: என் பேரையும் எழுதுங்க. நடுக்கல்ல நிறுத்தினது நான்.

அதிகாரி: கட்டினவங்க பேர் மட்டும் போதாதே. பலகையில என்ன இருக்கு? மிதிச்சாலும் குற்றம். மிதிச்சவங்க பேரும் வேணும்.

தலைவி: இதுவரைக்கும் ஒருத்தரும் மிதிக்கல. நானே முதல்ல மிதிக்கிறேன். வாங்க, பக்கத்துல நின்னு பார்த்து எழுதிக்கங்க!

அதிகாரி: முதல்ல மிதிச்ச ஆள் நீங்க இல்லம்மா.

தலைவி: பின்ன யாரு? அக்கரையிலேர்ந்து இன்னும் யாரும் கிளம்பலையே...

அதிகாரி: ஜீப்ப அக்கரையிலயே நிறுத்திட்டு, பாலத்து மேல நடந்துதான் வந்தேன்மா. உங்க கொத்தனார் கரையில குறட்டை விட்டுட்டிருந்தார், எழுப்ப மனசு வரல. ...அந்த நடுக்கல்லு மேல நின்னு ஒரு தடவை நல்லாக் குதிச்சும் பார்த்துட்டேன்.