ஹொரியோனுக்கு வந்த இருபத்து மூன்று கடிதங்கள்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நெசவாளர் சங்கத் தலைவர் பெதோசிரிஸ் ஐயா அவர்களே! அழுது ஓய்ந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசானின் துணைவி தெர்மூதிஸ் அம்மா அவர்களே! எகிப்து நாட்டின் ஒக்சிரிங்கஸ் நகரத்துப் பெருமக்களே! "இந்த வாலுப் பயலையா பேசவிட்டாங்க?" என்று பின்வரிசை முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் அதே வியப்புதான்.

எழுத்தர் ஹொரியோன் போய்விட்டார். சராபிஸ் கோயில் வாசலில் முப்பது ஆண்டுகள் அமர்ந்து, நம் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம் ஆறுதல் எழுதிய ஹொரியோன்! பொய்மை அறியாத ஹொரியோன்! அவர் மையில் பீர் கலந்த மாணவன் நான். ஒருவர் தன் மாமியாருக்கு அனுப்பிய கடிதத்தில், 'தங்கள் நலத்துக்குத் தினமும் வேண்டுகிறேன்' என்று ஹொரியோன் எழுத, 'நேரம் கிடைத்தால்' என்று நான் சேர்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகுதான் அடித்தார்.

சென்ற ஆண்டு அவருடைய ஒரே மகன் சரப்பாஸ் காய்ச்சலில் இறந்தான். எட்டாம் நாள் அவர் மறுபடி கோயில் வாசலுக்கு வந்தார். முதலில் வந்து நின்றவர் மீன் விற்கும் தாயெசிஸ் அக்கா. இதோ, தூணோரம் இருக்கிறார்.

"ஆறுதல் கடுதாசி ஒண்ணு எழுதணும் ஐயா."

"யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான்."

ஹொரியோன் நிமிர்ந்து பார்த்தார்.

"பின்ன? எனக்கு எழுத வருமா? வேற யாருகிட்டப் போவேன்? சாவு வீட்டுக்கு ஒரு வரி எழுதாம இருந்தா நல்லாருக்குமா?"

அவர் நாணல் பேனாவை எடுத்தார். "சொல்லும்மா."

"நம்ம சரப்பாசுக்காக நாங்க எல்லாரும் அழுதோம். மனசைத் தேத்திக்கங்க... எழுதுறீங்களா, சும்மா உக்காந்திருக்கீங்களா?"

"எழுதறேன். அழுதவங்க பேரெல்லாம் போடணுமா?"

"ஒருத்தர் விடாம."

வழக்கப்படி வாசித்துக் காட்டினார். மகன் பெயரில் குரல் நின்றது.

"போதும் ஐயா. மிச்சம் எனக்குத் தெரியும்."

மடித்து, வெளியே தன் பெயரை எழுதி, தாயெசிஸ் அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை வாங்கி அவரிடமே நீட்டினார்.

அந்த வாரம் ஊரார் இப்படிச் சொல்லச் சொல்ல இருபத்து மூன்று கடிதங்கள். அத்தனையும் அவர் கையெழுத்து! ஊருக்கே ஆறுதல் எழுதியவருக்கு இன்னொரு கையெழுத்தில் ஒரு வரி வந்ததா? எழுதத் தெரிந்தவன் வேறு யாருமே இல்லையா? இருந்தான். பக்கத்திலேயே நாணல் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்! நான் எழுதினால் அந்தக் கடிதத்திலும் பிழை கண்டுபிடிப்பாரோ என்று பயந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவர் கேட்கவே இல்லை.

இன்று காலை எழுதிவிட்டேன், பெரியோர்களே. பதினோரு வரி. அவர் மார்பில் சுற்றும் துணிக்குள் வைக்கப்போகிறேன். பிழைகள் இருக்கும். திருத்தத்தான் ஆளில்லை.

நாளை முதல் அவர் இடத்தில் நான் உட்காருவேன். உங்களுக்காக எழுதுவேன். நேரம் கிடைத்தால் அல்ல, தினமும்! ஆனால் உங்கள் பிள்ளைகளை என்னிடம் எழுதப் படிக்க அனுப்புங்கள். தாயெசிஸ் அக்கா, நீங்களும் வாருங்கள். என் வீட்டில் சாவு விழும் நாளில், என் கையெழுத்தில் இல்லாத ஒரு கடிதம் எனக்கு வர வேண்டும்.