ஒன்றரை டெசிபல்

பாட்டின் தரம் கெடாமல் அதன் சத்தத்தை மட்டும் கூட்ட முடியும், ஐயா. பலருக்கு இது தெரியாது. பாட்டைத் திறந்து, சத்தம் ஏற்றி, மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போய்விடும். அப்படிச் செய்யத் தேவையில்லை. எம்பி3 கோப்புக்குள்ளேயே, எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதற்கான எண்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் மாற்றித் தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு படி ஏற்றினால் ஒன்றரை டெசிபல் கூடும். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

வழக்குக்காக நீங்கள் கேட்டது பிரகாஷின் காதைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

என் பெயர் சுமலதா. ஓசூரில் வண்டி உதிரிபாகங்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் முதலுதவி அறை நர்ஸ். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரங்களை அந்த இரைச்சலில் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை காதுப் பரிசோதனை செய்வதும் நான்தான். ஹெட்போன் மாட்டிவிட்டு, சின்னச் சின்ன ஒலிகளாக அனுப்புவேன். கேட்டால் கை தூக்க வேண்டும். பிரகாஷ் பாகலூர்க்காரர், பதினோரு வருடமாக பிரஸ்ஸில் நிற்பவர். மூன்று வருடங்களுக்கு முன் நடந்த பரிசோதனையில் அவர் கை வெகுநேரம் மடியிலேயே இருந்தது. கண்ணை மூடி, லேசான சிரிப்போடு, அடுத்த ஒலிக்காகக் காத்திருந்தார். அதற்குள் நான் ஐந்து ஒலிகள் அனுப்பியிருந்தேன்.

ரிப்போர்ட்டை மேனேஜர் மூர்த்தியிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

“இவன அனுப்புனா இவன மாதிரி காது போன இன்னும் அஞ்சு பேர அனுப்பணும். லைன் நின்னுடும். நார்மல்னு போட்டுடும்மா.”

போட்டேன். பிரகாஷ் கான்ட்ராக்டில் இருப்பவர், காது போனது தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வேலை இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த ஏப்ரலில் என்னை நிரந்தரமாக்கினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து, டீ நேரத்தில், பிரகாஷ் கையில் போனோடு வந்து நின்றார்.

“சிஸ்டர், பஸ்ல வரச்சே பாட்டு கேப்பேன். இப்பல்லாம் ஃபுல் சவுண்டு வெச்சாலும் சன்னமாத்தான் கேக்குது. காது போயிடுச்சோன்னு பயமா கீது. பெங்களூர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம்னு பாக்கறேன்.”

வேறொருவர் பரிசோதித்தால் நான் எழுதியது வெளியே வந்துவிடும். நான் போனை வாங்கி, அவர் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். எனக்கு நன்றாகக் கேட்டது.

“உங்க காது நல்லாத்தான் இருக்குது. பாட்டத்தான் சன்னமா பதிஞ்சிருக்காங்க. மெமரி கார்டைக் குடுத்துட்டுப் போங்க” என்றேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள், தமிழும் கன்னடமும் கலந்து. எல்லாவற்றையும் நான்கு படி ஏற்றினேன். மறுநாள் ஹெட்போனை மாட்டியவர் முகம் மலர்ந்ததை இப்போதும் சொல்ல முடியும். “சிஸ்டர், இப்பதான் உசுரே வந்துச்சு” என்றார். டாக்டரிடம் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டுவந்து கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். இரண்டு படி ஏற்றினேன். பிறகு இன்னும் இரண்டு. ரொம்ப ஏற்றினால் உச்சத்தில் சத்தம் உடைந்துபோகும் என்பதால், ஒவ்வொரு பாட்டையும் கேட்டுப் பார்த்து, உடையாத அளவில் நிறுத்துவேன். கடைசியில் என்னால் ஹெட்போனைக் காதில் வைத்திருக்க முடியவில்லை. கையில் பிடித்துத் தள்ளி வைத்துத்தான் கேட்டேன். அவர் அதையே தினமும் போக வர இரண்டு மணி நேரம் காதுக்குள் வைத்துக் கேட்கிறார், மிச்சமிருப்பதும் அதிலேயே போகும் என்று எனக்குத் தெரியும். நான் அதற்குப் படித்தவள். இடையில் வந்த இரண்டு வருடாந்தரப் பரிசோதனைகளிலும் நார்மல் என்றே எழுதினேன்.

பிப்ரவரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பகல் ஷிஃப்ட். பிரகாஷோடு அதே பிரஸ்ஸில் தகடு வைத்துக் கொடுப்பவர் வெள்ளையம்மா, ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். தகடு சிக்கிக்கொண்டது. எடுப்பதற்குக் கையை உள்ளே விட்டிருக்கிறார். பிரகாஷ் பக்கவாட்டில் திரும்பி நின்றபடி, பிரஸ்ஸை இறக்கும் பெடலை மிதித்தார். வெள்ளையம்மாவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின.

நான்தான் கட்டுப் போட்டேன். பிரகாஷ் வாசலில் நின்று, “சொல்லவே இல்லியே, கைய உட்டிருக்கேன்னு சொல்லவே இல்லியே” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளையம்மா கண்ணைத் திறக்காமல், “ரெண்டு தடவ கத்துனன் சாமி, இரு இருன்னு” என்றார்.

கம்பெனி விசாரணையில் மூர்த்தி என் ரிப்போர்ட்டுகள் மூன்றையும் மேஜைமேல் வைத்தார். விசாரித்தவர் பிரகாஷிடம், “காதுல கோளாறு எதுவும் இல்லையே, அப்புறம் ஏன் கேக்கல?” என்றார். பிரகாஷ் என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, ஐயா. தன் பக்கம் பேச ஓர் ஆள் இருப்பதாக நினைத்துப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

“சிஸ்டரே டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாங்க சார். காது நல்லாத்தான் கீது. நாந்தான் ஏதோ நெனப்புல நின்னுட்டேன் போல” என்று சொல்லி, அலட்சியத்தால் நடந்தது என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார். அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். வழக்கும் அவர்மேல்தான்.

அதுவரை நடந்ததற்கெல்லாம் என்னிடம் காரணம் இருந்தது. மேனேஜர் சொன்னார், அவர் வேலை போய்விடும், என் வேலை போய்விடும். போன மாதம் பிரகாஷின் மனைவி சரிதா என் வீட்டுக்கு வந்ததைச் சொல்லாவிட்டால் நீங்களும் அந்தக் காரணங்களையே எழுதிக்கொள்வீர்கள்.

தோளில் துணிப்பையோடு வந்த சரிதா உட்காரவில்லை. “அக்கா, ஊட்ல நான் கூப்புட்டா திரும்பறதில்ல. பாப்பா அழுதாலும் சும்மா உக்காந்திருக்காரு. அந்தம்மா வெரல் போனதுக்கப்பறம் வேணும்னே யார்கூடவும் பேசறதில்லயோன்னு தோணுது. நான் பாப்பாவ இட்டுக்குனு அம்மா ஊட்டுக்குப் போலாம்னு இருக்கேன். உண்மையச் சொல்லுங்க, அவருக்குக் காது கேக்குதா, கேக்கலியா?”

வீட்டில் வேறு யாரும் இல்லை. மூர்த்தி வேறு கம்பெனிக்குப் போய் நான்கு மாதமாகியிருந்தது. பிரகாஷிடம் இழக்க வேலையும் இல்லை. ஒரு சொல் போதும், அவள் பையை வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பாள்.

“நல்லாக் கேக்கும் சரிதா” என்றேன்.