நேரா வெட்டின கார்டு

ஹலோ... ஹலோ, யேசுதாஸ் மச்சான்? நான் சாம்சன்... ஆங், கும்மிடிப்பூண்டிலதான், கம்பெனில கீறேன். மிஷின் சத்தம், இரு, வெளிய வரேன்... ஆங், சொல்லு. கார்டு வாங்குற ஆளப் பாத்தியா? இன்னா சொன்னாரு?

...

இன்னா மச்சான், கொரலே சரியில்ல?

...

வாணாமா? ஏன்? நம்ம சின்ன வயசுல பபுள்கம்முக்குள்ள வந்த கிரிக்கெட் கார்டு, இப்ப யார்கிட்ட கீது?

...

ஓரமா? ஆமா, ஆமா, நான்தான் வெட்டினேன்! உன் தங்கச்சி ஹெலன்கிட்ட பத்தரமா வெக்கச் சொல்லிக் குட்த்தியே, அப்ப பாத்தேன். ஒரு பக்கம் வெறும் வெள்ள. இன்னொரு பக்கம் பக்கத்து கார்டு ஆளோட கை எட்டிப் பாக்குது. கலரு வெலகி மூஞ்சி ரெண்டா தெரியுது. இத்த எவன் வாங்குவான்? அதான் கம்பெனிக்கு எட்த்துனு வந்து, கட்டிங் மிஷின்ல வெச்சி சரி பண்ணேன். பொட்டி அட்ட வெட்ற கை மச்சான், கோணவே கோணாது. கவர்ல போட்டு ஒட்டினதும் நான்தான். நீயாப் பாத்து அசந்து போவேன்னு சொல்லல.

...

சிரிக்கிறியா? மச்சான்... அழுவுறியா?

...

ஆமா... ஆமா... இரு, இரு. அந்தக் கை தெரிஞ்சதுக்குத்தான் வெலையா? தப்பா வந்ததுக்கா? எங்க கம்பெனில அப்டி வந்தா கட்டோட தூக்கிக் கடாசுவாங்கப்பா!

...

சும்மா கோணலா இருந்தா வெல கொறையும்... இந்த மாரி கையோட வந்தா ஏறும்... சரி. வெட்டினா? ஒண்ணுமே இல்லையா? அவருக்கு எப்டித் தெரிஞ்சிது?

...

ஸ்கேல் வெச்சாரா. அகலம் ஒரு நூல் கம்மியா... ஓரம் மட்டும் புதுசா பளிச்சினு கீதா. ஆமா. இருக்கும். அன்னிக்குதான் பிளேடு மாத்தினாங்க.

...

தெரியும் மச்சான். இந்தக் கார்டு காசுலதான் மணவாள நகர்ல டிபன் கட. வேல போனதுலேர்ந்து நீ மூஞ்சில சிரிப்போட பேசினதே அந்தக் கடையப் பத்தித்தான்.

...

போர்டு எழுதியாச்சா? சோனியா பேர்லயா? உன் பொண்ணு பேர்லயா... யேசப்பா.

...

வெட்டின துண்டா? இல்ல மச்சான், ஒட்ட முடியாது. கழிவெல்லாம் அன்னிக்கே லாரி ஏறிடுச்சி. இன்னேரம் கூழாயிருக்கும்.

...

இன்னா?

...

ஆமா... நீ ஹெலன்கிட்ட குட்த்த தகர டப்பால நாலு இருந்திச்சி, ஆமா. நீ ஒண்ணுதான் எட்த்துனு போனியா? மீதி மூணும் அதே மாரி பக்கத்து ஆளு கையோட வந்ததுதான்... அதப் பாக்குறேன்றாரா? உடனே கொண்டாரச் சொல்றாரா? நல்ல வெல குடுக்குறேன்றாரா?

...

மச்சான்.

...

ஹெலனுக்கு போன் போடாத. அவள அலைய உடாத. நான் சொல்றதக் கேளு.

...

இல்ல, கேளு மச்சான்... ஒத்த கார்ட வெச்சா மிஷின் சரியாப் புடிக்காது. நாங்க எப்பவும் அடுக்கித்தான் வெட்டுவோம்... அடுக்கித்தான்... நாலையும் ஒண்ணா அடுக்கினேன். நாலுக்கும் ஒரே வெட்டு.

...

மச்சான்? நல்லது பண்றேன்னு நெனச்சேன் மச்சான்... லைன்ல கீறியா? திட்டவாவது செய்யி... ஹலோ?

ஹலோ?