மூடிக்குள் சிக்கிய ஈரம்

அவையை வழிநடத்தும் ஆய்வகத் தலைவி அவர்களே, அருகமர்ந்த அறிஞர் பெருமக்களே, ஆண்டுகளால் மூத்த பெரியோர்களே, அன்பால் மூத்த தாய்மார்களே, பின்னால் நின்றபடியே என்னைப் பொறுத்துக்கொள்ளும் பணியாளத் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் வழக்கறிஞன். மகிழ்ச்சியைக்கூட ஆதாரத்தோடுதான் வெளிப்படுத்துவேன். இன்று ஆதாரம் நிறையவே இருக்கிறது.

நீங்கள் உலையக்கா என்று அழைக்கும் இந்த அம்மையார், மீக்கடத்தி எனும் கறுப்புப் பீங்கான் வில்லைகளைச் சுட்டெடுப்பவர். வில்லையைத் திரவ நைட்ரஜனில் குளிரூட்டினால் மின்சாரம் தடையின்றி ஓடும். மேலே வைத்த காந்தம் அந்தரத்தில் மிதக்கும். 'உயர் வெப்பநிலை மீக்கடத்தி' என்று பெயர். அந்த உயரம் எவ்வளவு? பூச்சியத்துக்குக் கீழே நூற்றெண்பது பாகை! ஆட்சேபம் தெரிவித்தேன், அறிவியல் தள்ளுபடி செய்துவிட்டது. சிரியுங்கள், நானும் அன்று சிரித்தேன்.

ஆனால் அக்கா சிரிக்கும் நிலையில் இல்லை. காட்சிக்கூடத்துக்கு அவர் கொடுத்த எட்டு வில்லைகள் இரண்டே மாதத்தில் செயலிழந்தன. உடைந்தனவா? இல்லை. உதிர்ந்தனவா? இல்லை. வெண்படலம் பூத்தன, காந்தம் மிதக்க மறுத்தது. சுட்டதில்தான் பிழை என்றார்கள். வேலைநீக்க ஆணை தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதற்குமுன் விசாரிக்க என்னை அமர்த்தினார்கள்.

வில்லையை மக்களுக்குக் காட்டும் காட்சிக்கூடத்துத் தம்பியைக் கேட்டேன்.

"ஈரம் ஆகாதுன்னு தெரியும் சார். அதான் திரவ நைட்ரஜன்லேர்ந்து எடுத்த கையோட காத்துப்புகாத பெட்டியில போட்டு மூடிடுவேன். ஒரு நிமிஷம் வெளிய வைக்க மாட்டேன்."

அப்பழுக்கற்ற சாட்சியம் என்று குறித்துக்கொண்டேன். அக்கா பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"மூடிய உள்பக்கமா தடவிப் பாருங்க சார்."

"ஈரமா இருக்கேம்மா."

"உங்க விரல்தான் சாட்சி. திருடனையும் உள்ள வச்சுப் பூட்டிட்டு, பூட்டு கெட்டின்னு பெருமை பேசுறான் இவன்."

என்ன நடந்தது? அத்தனை குளிர்ந்த கல்லைக் காற்று ஒரு கணம் தொட்டால் போதும், உறைபனி படியும். பெட்டி மூடப்படும், பனி உருகும், நீர் வெளியேற வழியில்லை. அது பீங்கானிலுள்ள பேரியம் எனும் உலோகத்தைப் பிரித்தெடுக்கும். அந்தப் பேரியம் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்படலமாகும். மின்சாரம் செல்லும் பாதை துண்டு துண்டாகும். அலட்சியமா அழித்தது? இல்லை! அளவுகடந்த அக்கறை அழித்தது!

ஊகம் தீர்ப்பாகாது. ஒரே உலையில் சுட்ட இரண்டு வில்லைகளைக் கேட்டேன். ஒன்று தம்பியின் வழக்கப்படி பெட்டிக்குள் போனது. மற்றொன்றை அக்கா, உலர்ந்த நைட்ரஜன் வாயு வீசும் கூண்டுக்குள் அறைச்சூடு வரும்வரை வைத்து, பிறகே மூடினார். இரண்டையும் இப்படி நாள்தோறும் பத்து முறை குளிரூட்டி எடுத்தார்கள், நாற்பது நாட்கள்.

பின்வரிசையில் யாரோ, "காந்தம் என்னாச்சு?" என்கிறார். வருகிறேன் ஐயா, வருகிறேன்.

தம்பியின் வில்லைமேல் காந்தம் படுத்துக்கொண்டது. அக்காவின் வில்லைமேல் மிதந்தது! அசையாமல் மிதந்தது, அழகாக மிதந்தது, அத்தனை கண்களும் பார்க்க மிதந்தது!

"நான்தாங்க்கா உங்க மேல புகார் சொன்னேன். மன்னிச்சிருங்க," என்றார் தம்பி.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல அந்தப் பெட்டியத் தொடை."

வேலைநீக்க ஆணையைக் கிழிக்க எனக்கு அதிகாரமில்லை. 'நிலைக்கத்தக்கதன்று' என்று எழுத மட்டுமே உண்டு, எழுதினேன். கிழித்தவர், இதோ அமர்ந்திருக்கும் தலைவி. நாலாகக் கிழித்தார், எண்ணினேன். இன்றுமுதல் உலைக்கூடத்தின் முதன்மைப் பொறுப்பாளர் நம் அக்கா!

கைதட்டலை அவருக்கே கொடுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.