பீரோ மேல இருந்த தலையணை

உக்காருங்க டாக்டரம்மா. நீங்க டாக்டர் இல்ல, கைக்கு எக்ஸர்சைஸ் கொடுக்குறவங்கன்னு நூறு தடவை சொல்லிட்டீங்க. என் வாய் கேட்க மாட்டேங்குது. தலையணையை வாங்கிட்டு வரச் சொல்லி என் பொண்ணு அனுப்பினாளா? நீங்க கொடுத்த அளவுக்கு நானே பஞ்சு அடைச்சுத் தைச்சது. ஒரு தையல்கூட விடல, பாருங்க.

மொதல்ல நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். உங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு, உக்காந்தா கைக்கு அடியில தலையணை வைங்க, தோள் தொங்கினா வலி உயிர் போகும், தூக்கும்போது கையைப் பிடிச்சு இழுக்காதீங்கன்னீங்க. ஒண்ணுகூட மறக்கல.

அவர் லாரி ஓட்டினவர். இருபத்தாறு வருஷத்துல வீட்டுல தங்கின நாளை விரல் விட்டு எண்ணிடலாம். வந்தா சோறு, தூக்கம், சுவர்ப் பக்கம் திரும்பின முதுகு. பக்கவாதத்துல பேச்சு போய், மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை, "கண்ணு". வலி வந்தா "கண்ணு, கண்ணு"ம்பார். வெந்நீர்ல துண்டைப் பிழிஞ்சு ஒத்தடம் கொடுத்து, விரல் விரலா நீவி விடுவேன். என் மணிக்கட்டு மேல கன்னத்தை வச்சுக்குவார். அட, இவருக்கு இப்படியெல்லாம் கூப்பிடத் தெரியுமான்னு இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

ஆறு வாரத்துல வலி குறைஞ்சுது. "நல்லா பாத்துக்குறீங்க"ன்னு நீங்ககூட மெச்சினீங்க. அன்னைக்கு அவர் கூப்பிடல. மறுநாளும் இல்ல. லாரி ஷெட் சிநேகிதங்க வந்து, "அண்ணி, அண்ணனை தினமும் ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம், எங்களோட இருக்கட்டும்"னாங்க. அவர் முகம் மலர்ந்துச்சு பாருங்க. என் பக்கம் திரும்பவே இல்ல.

மறுநாள் மதியம் தலையணையை எடுத்து, ஜன்னலோரம் இருக்குற பீரோ மேல வச்சேன். அவ்வளவுதான். அடிக்கல, ஒரு சுடுசொல் சொல்லல. அதுல இருந்து தினமும் நாலு மணிக்குள்ள தோள் இறங்கிடும், "கண்ணு"ன்னு சத்தம் வரும். அந்த வலியில ஷெட்டுக்குப் போற பேச்சும் நின்னுடுச்சு. அது போதலைன்னு பட்டப்போ, எழுப்பும்போது கையைப் பிடிச்சு இழுத்தேன். மெதுவாத்தான். நீங்க வர்ற செவ்வாயும் வெள்ளியும் தலையணை முன்னாடியே கைக்கு அடியில வந்துடும்.

ஒரு வெள்ளிக்கிழமை இடது கையால தலையணையைத் தொட்டார், அப்புறம் பீரோவைக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார். "என்ன சொல்றார்?"னு கேட்டீங்க. "வெயில் கண்ணைக் கூசுதாம், ஜன்னலைச் சாத்தணுமாம்"னு சொல்லி, எந்திரிச்சுச் சாத்தினேன். நீங்க நம்பிட்டீங்க. அவர் என்னையே பாத்துக்கிட்டு கையை இறக்கினார். அதுக்கப்புறம் யார்கிட்டயும் எதையும் காட்டல.

போன வாரம் பொண்ணு சொல்லாம கொள்ளாம வந்தா. நான் கையைப் பிடிச்சு இழுக்குறதைப் பாத்துட்டா. அன்னைக்கே அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா.

அவர் போயிட்டார், அந்த விரல் போகல. காலி நாற்காலியில இருந்து காட்டிக்கிட்டே இருக்கு. எந்திரிச்சுப் போய், சாத்தின ஜன்னலையே சாத்திட்டு வர்றேன். பட்டப்பகல்லயே பயமா இருக்கு டாக்டரம்மா.

அங்க வலியே இல்லையாமே? ஒரு தடவைகூட "கண்ணு"ன்னு சொல்லலையாமே? பாவம், எல்லாத்தையும் அடக்கிக்கிட்டு இருக்கார். பொண்ணுக்கு அதெல்லாம் புரியாது.

தலையணையை மட்டும் கேட்காதீங்க. இங்கயே இருக்கட்டும். வலி வந்தா என்கிட்டதானே வருவார்.