மூணுல ரெண்டு பங்கு

– உன்னப் பாத்துட்டுதான் கம்பெனி பஸ்ஸ நிறுத்தி எறங்கிட்டேன். பையும் கையுமா சுங்குவார்சத்திரத்துல எதுக்குக்கா நிக்கற? லேபர் கோர்ட்டுல உன் கேஸுக்கு இன்னும் பத்து நாள் கீதே.

– ஊருக்குப் போறேன், அமலா. சங்கத்து வக்கீலு இனி எனக்கு வர மாட்டாரு. நான் இப்ப சங்கத்து ஆளே இல்லல்லா.

– இன்னாக்கா சொல்ற? செல்லக்கனி இல்லாம சங்கமா? அத ஆரம்பிச்சதுக்குத்தானே உன்ன வேலையவுட்டுத் தூக்குனானுங்க.

– ஞாயித்துக்கெழம கூட்டம் போட்டு விதிய மாத்திட்டாவ. வேலை போனவ உறுப்பினரா இருக்கக் கூடாதாம்.

– எண்ணூறு பேர் கீறோம். எங்களக் கேக்காம எப்டி மாத்துவாங்க?

– வந்தவியள்ல மூணுல ரெண்டு பங்கு கை தூக்குனா போதும். வந்தது அறுபது பேரு. பின்னால நின்னு எண்ணுனேன். நாப்பது கை.

– யாருக்கா அந்த நாப்பது?

– சூப்பர்வைசர் கூட்டிட்டு வந்த ஆளுவதான். வராதவிய பாதிப் பேரு ஓவர்டைம் வேல, பாதிப் பேரு தூக்கம்.

– நானும் வரலியே. ரூம்ல துணி தோச்சிகினு இருந்தேன். நம்ம ஒருத்தி போவலன்னா இன்னா ஆயிடப்போவுதுன்னு.

– விடுட்டி.

– வந்து வேணாம்னு சொல்லியிருந்தா?

– அதெல்லாம் இப்ப எதுக்கு?

– சொல்லுக்கா.

– அறுபத்தொண்ணு ஆயிருக்கும். நாப்பது பத்தாது. ஏட்டி, ஒக்காரு. ரோட்டுல நின்னு அழாத. ஒன்னப் போல எழுநூத்துச் சொச்சம் பேரு வரல. இந்தா, தண்ணி குடி.

– எனக்கு ஆறாதுக்கா. ரெண்டு வருஷம் ஒரே லைன்ல பக்கத்துல நின்னோம். உனக்காக ஒரு கை தூக்க வரல நானு.

– பஸ்ஸு வருதான்னு பாரு.

– எத்தினி பேர் வந்தாலும் போதும்னு எந்தப் பாவிக்கா எழுதி வெச்சான்? அவன் நல்லா இருப்பானா?

– அப்பிடிச் சொல்லாத.

– சொல்லுவேன். பாதிப் பேராவது வந்தாத்தான் மாத்தலாம்னு ஒரு வரி இருந்திருந்தா, நீ இப்டி நிப்பியா?

– விதிய எழுதுனப்ப இருந்துச்சு. மொதல்ல எல்லாரும் பயந்துகிட்டு, முப்பது பேருதான் கூட்டத்துக்கு வந்தோம். இப்பிடிப் பாத்தா சங்கமே நடக்காதுன்னு அந்த வரிய அடிச்சது நான்தாம்ட்டி.